பெருநாள் விளக்குகளும் அணைக்க மறந்த ஓர் இரவும்



ரமலான் பிறை தென்பட்டுவிட்டால் நம் மஹல்லாக்களில் பள்ளிவாசல் மினாராக்களுக்கு மட்டும் விளக்குச் சரம் ஏறிய காலம் ஒன்று இருந்தது. இப்போது வீடுகளின் முகப்பிலும், மாடிக் கைப்பிடிச் சுவரிலும், கூடத்தின் திரைச்சீலையிலும் எல்.இ.டி. சரங்கள் மின்னுகின்றன. பிறை வடிவம், நட்சத்திர வடிவம், "ரமலான் முபாரக்" என்று ஒளிரும் பலகை எனக் கடைத்தெருவில் வகை வகையாகக் கிடைக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் இதைப் பற்றிய கேள்விகள் நம்மிடம் வருகின்றன. "ஹஜ்ரத், இது கூடுமா, கூடாதா?" என்று ஒரே சொல்லில் பதில் கேட்கிறார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்லி நாம் செய்த பிழையிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குவது நேர்மையாக இருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் மாதத்தின் இறுதியில், மக்தப் பிள்ளைகளுக்கு வீண்விரயம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அல்இஸ்ரா அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்கள் வீண்செலவு செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகளாக அடையாளம் காட்டுவதை விளக்கிவிட்டு, எடுத்துக்காட்டுக்காக வீடுகளில் தொங்கும் சீரியல் விளக்குகளைக் குறிப்பிட்டோம். பாடம் முடிந்தது. பிள்ளைகள் ஸலாம் சொல்லிக் கலைந்தார்கள். நாமும் மறந்துவிட்டோம்.

நான்கு நாட்கள் கழித்து ஒரு மாணவியின் தாயார் மதரஸா வாசலுக்கு வந்தார். அவருடைய கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்பவர். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பிள்ளைகளோடு நோன்பு நோற்கலாம் என்ற ஆவலில் விடுப்பில் வந்திருந்தார். கொண்டுவந்த பொருட்களில் பிறை வடிவில் ஒளிரும் ஒரு விளக்குச் சரமும் இருந்தது. அதைக் கூடத்தில் மாட்ட அவர் ஏணியில் ஏறியபோது, "இதை மாட்டினால் நாம் ஷைத்தானுக்கு உடன்பிறப்பு ஆகிவிடுவோம், ஹஜ்ரத் சொன்னார்கள்" என்று மகள் சொல்லியிருக்கிறாள். வாப்பா ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "அவர் குடிக்கிறவரில்லை, சூதாடுகிறவரில்லை ஹஜ்ரத். பிள்ளைகள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க ஆசைப்பட்டார். அது பாவமா?" என்று அத்தாய் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. இறைவசனத்தில் பிழை இல்லை. அதை எங்கே பொருத்துவது என்பதில் நாம்தான் அவசரப்பட்டுவிட்டோம்.

மார்க்கம் அழகைத் தடுக்கவில்லை

பெருநாளில் மகிழ்ச்சியை வெளிப்படுத்துவது மார்க்கத்துக்கு அந்நியமானது அன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டாடி வந்தார்கள். அவற்றுக்கு ஈடாக அவற்றினும் சிறந்த இரு பெருநாட்களை அல்லாஹ் வழங்கியிருப்பதாக நபியவர்கள் அறிவித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது. பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடுமாறும், ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் இருப்பதுபோல் இது நமது பெருநாள் என்றும் நபியவர்கள் சொன்னதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம்.

உமர் (ரலி) அவர்கள் பட்டு அங்கி ஒன்றைக் கொண்டுவந்து, பெருநாளுக்கும் தூதுக்குழுவினரை வரவேற்கவும் அணிந்துகொள்ளுமாறு வேண்டிய நிகழ்ச்சியும் புகாரியில் இடம்பெறுகிறது. நபியவர்கள் அதை மறுத்தார்கள். மறுத்ததற்குக் காரணம் அது பட்டு என்பதே. பெருநாளுக்கு அலங்கரித்துக்கொள்ளும் எண்ணத்தை அவர்கள் கண்டிக்கவில்லை என்பதை அறிஞர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 32ஆம் வசனமும், அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது என்றே வினவுகிறது.

விளக்குக்கும் நம் வரலாற்றுக்கும் நீண்ட உறவு உண்டு. பள்ளிவாசல்களில் முதன்முதலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரி (ரலி) அவர்கள் என்ற ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் காணப்படுகிறது. எகிப்தின் கெய்ரோ நகரில் 'ஃபானூஸ்' எனப்படும் வண்ணக்கண்ணாடி விளக்குகள் ரமலானின் அடையாளமாகவே ஆகிவிட்டன. இஸ்தான்புல்லில் இரு மினாராக்களுக்கு இடையே கயிறு கட்டி, எண்ணெய் விளக்குகளால் வானத்தில் வாசகம் எழுதும் 'மஹ்யா' என்னும் கலை உஸ்மானியர் காலத்திலிருந்து தொடர்கிறது. இன்று எண்ணெய் விளக்கின் இடத்தில் மின்விளக்கு வந்திருக்கிறது. லண்டன் மாநகரின் மையத்தில் 2023ஆம் ஆண்டிலும், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 2024ஆம் ஆண்டிலும் ரமலானுக்காகத் தெருவிளக்கு அலங்காரம் முதன்முறையாக அமைக்கப்பட்டது.

"இது பிற மதத்தவரைப் பின்பற்றுவது ஆகாதா?" என்ற ஐயமும் நியாயமானதே. நம் தமிழகத்தில் சீரியல் விளக்கு எந்த ஒரு மதத்துக்கும் உரிய சின்னமாக இல்லை. திருமண வீட்டுப் பந்தலிலும், புதிதாகத் திறக்கும் கடையிலும், அரசியல் கூட்ட மேடையிலும் அதுவே தொங்குகிறது. ஆகவே விளக்குச் சரத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிற மதத்தவர் வழிபாட்டுப் பொருளோடு தொடர்புடைய ஒரு வடிவத்தை அப்படியே எடுத்து, உச்சியில் மட்டும் பிறையை வைத்து, 'ரமலான் மரம்' என்று விற்பதை வாங்கிவந்து கூடத்தில் நிறுத்துவது வேறு. அதைத் தவிர்ப்பதே பேணுதல்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. விளக்கு போடுவது ரமலானின் ஓர் அமல், அதற்கு நன்மை உண்டு, போடாத வீட்டில் குறை உண்டு என்று எவரேனும் எண்ணத் தொடங்கினால் அங்கே நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆண்டின் குறிப்பிட்ட சில இரவுகளில், குறிப்பாக ஷஅபான் நடு இரவில், பள்ளிவாசல்களில் அளவின்றி விளக்கேற்றும் வழக்கத்தை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது 'அல்மஜ்மூஃ' நூலில் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். பொருள் வீணாவதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. மின்சாரம் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கண்டனம் அது.

அந்தத் தாயாரிடம் இவற்றையெல்லாம் சுருக்கமாக எடுத்துச் சொன்னோம். மாலையில் அவருடைய கணவரைப் பள்ளிவாசலில் சந்தித்து, நாம் சொன்ன விதம் தவறு என்று ஒப்புக்கொண்டோம். மறுநாள் வகுப்பிலும் பிள்ளைகளிடம் திருத்திச் சொன்னோம். ஆசிரியர் தவறைத் திருத்திக்கொள்வதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்தானே!

எலி நடத்திய பாடம்

அடுத்த ஆண்டு, அதாவது சென்ற ரமலானில், நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். "மற்றவர்களுக்குக் கூடும் என்றால் நமக்கும் கூடும்தானே வாப்பா?" மறுக்க வழியில்லை. நூறு விளக்குகள் கொண்ட சரம் ஒன்றை வாங்கி, கூடத்தின் சன்னல் திரையைச் சுற்றி மாட்டினோம். கிதாபுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைத்து இணைப்புக் கொடுத்தோம். முதல் சில நாட்கள் தராவீஹ் தொழுதுவிட்டு வந்ததும் யாராவது அணைத்துவிடுவார்கள். பிறகு அந்தக் கவனம் தளர்ந்தது. "எல்.இ.டி. தானே, என்ன கரண்ட் ஆகிவிடப் போகிறது?" என்று நாமே சொன்னோம். விளக்குகள் இரவெல்லாம் எரிந்தன.

இருபதாம் நோன்பு கடந்த ஓர் இரவில், ஸஹருக்கு எழுந்த நம் துணைவியார் கருகல் வாடை வருவதாகச் சொன்னார். அடுப்பைப் பார்த்தோம், அணைந்திருந்தது. வாடை கூடத்திலிருந்து வந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தபோது, எலி ஒன்று சரத்தின் மெல்லிய வயரைக் கடித்திருந்தது. உள்ளே இருந்த இரு கம்பிகளும் உரசிய இடத்தில் வயர் உருகி, திரைச்சீலையின் கீழ் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது. பக்கத்து அறையில் மூன்று பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ்வின் அருளால் அத்தோடு போயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். அச்சத்தைவிட வெட்கமே மிகுந்திருந்தது. ஏனெனில் இந்த எலியைப் பற்றி நாம் பதினைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறோம்.

இரவில் பாத்திரங்களை மூடிவையுங்கள், கதவுகளைத் தாழிடுங்கள், விளக்குகளை அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்ற காரணமும் அதே ஹதீஸில் சொல்லப்படுகிறது. புகாரியில் உள்ள செய்தி இது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு தீப்பற்றியது என்றும், நெருப்பு உங்கள் எதிரி, ஆகவே உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள் என்றும் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாக அபூதாவூதில் வரும் செய்தி இன்னும் நுட்பமானது. எலி ஒன்று விளக்குத் திரியை இழுத்துவந்து நபியவர்கள் அமர்ந்திருந்த விரிப்பின் மேல் போட, ஒரு திர்ஹம் நாணயத்தின் அளவுக்கு விரிப்பு எரிந்துபோனது.

இந்த ஹதீஸ்களைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, "அது எண்ணெய் விளக்குக் காலம், இப்போது திரியும் இல்லை, சுடரும் இல்லை" என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். இமாம் நவவி (ரஹ்) அவர்களோ முஸ்லிம் நூலின் விரிவுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். பள்ளிவாசல்களிலும் பிற இடங்களிலும் உயரத்தில் தொங்கும் விளக்குகளால் தீப்பற்றும் என்ற அச்சம் இருந்தால் அவையும் இந்தக் கட்டளைக்குள் அடங்கும்; அச்சம் இல்லையெனில், காரணம் நீங்கிவிடுவதால், எரியவிடுவதில் குற்றமில்லை என்கிறார்கள். சட்டம் காரணத்தைத் தொடர்கிறது. எல்.இ.டி.யில் சுடர் இல்லை என்பது உண்மை. ஆனால் தீப்பிடிக்கும் காரணம் நம் அலமாரிக்குப் பின்னால் அப்படியே இருந்தது. எலியும் இருந்தது.

குறைந்த மின்சாரம், கூடிய விளக்கு

எல்.இ.டி. விளக்கை அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்றாகவே நாம் கருதுகிறோம். பழைய சீரியல் விளக்கில் ஒவ்வொரு சிறு குமிழுக்குள்ளும் ஒரு கம்பியிழை சூடேறி எரிந்தது. குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருந்ததால் ஒன்று கருகினால் சரமே அணையும். எது கருகியது என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்த மாலைகளை நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். எல்.இ.டி.யில் கம்பியிழை கிடையாது. குறைக்கடத்தி என்னும் பொருளின் வழியே மின்சாரம் பாயும்போதே ஒளி பிறக்கிறது, வெப்பம் குறைவு. சிவப்பும் பச்சையும் முன்பே வந்துவிட்டன. ஒளிமிக்க நீல எல்.இ.டி. கிடைத்த பிறகே வெள்ளை ஒளி தரும் விளக்கு சாத்தியமாயிற்று. அதைக் கண்டறிந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நூறு குமிழ் கொண்ட பழைய சரம் ஏறக்குறைய 40 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மக்ரிபிலிருந்து ஆறு மணி நேரம் வீதம் முப்பது நாட்கள் எரித்தால் 7.2 யூனிட் ஆகும். அதே அளவு எல்.இ.டி. சரம் 10 வாட் எடுத்தால் 1.8 யூனிட் போதும். நான்கில் ஒரு பங்கு! இது உண்மையான சேமிப்பே.

ஆனால் நம் தெருக்களில் நடப்பது வேறு. முன்பு ஒரு சரம் போட்ட வீட்டில் இன்று பத்துச் சரங்கள். முன்பு பத்து, பதினோரு மணிக்கு அணைத்த வீட்டில் இன்று ஃபஜ்ரு வரை எரிகிறது. பத்துச் சரங்கள் பன்னிரண்டு மணி நேரம் வீதம் முப்பது நாட்கள் எரிந்தால் 36 யூனிட். சிக்கன விளக்கு பழைய விளக்கைப் போல் ஐந்து மடங்கு மின்சாரத்தைக் குடித்துவிட்டது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. இயந்திரங்கள் நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்கினால் நிலக்கரியின் மொத்தச் செலவு குறையாது, கூடவே செய்யும் என்று ஜெவோன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஒன்று மலிந்தால் மனிதன் அதை அளவின்றிச் செலவிடுகிறான்.

முப்பத்தாறு யூனிட்டுக்கான பணம் பெரிதல்ல என்று சிலர் சொல்லலாம். தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசமும்கூட. இங்கேதான் நாம் நபிமொழி ஒன்றை நினைவுகூர வேண்டியிருக்கிறது. ஸஅத் (ரலி) அவர்கள் உளூச் செய்துகொண்டிருந்தபோது அங்கே வந்த நபி (ஸல்) அவர்கள், இது என்ன வீண்விரயம் என்று கேட்டார்கள். உளூவிலும் விரயம் உண்டா என்று ஸஅத் (ரலி) வினவ, ஆம், ஓடும் ஆற்றின் அருகில் நீ இருந்தாலும் சரியே என்று பதிலளித்தார்கள். இப்னு மாஜாவில் பதிவான இந்த அறிவிப்பின் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இதன் கருத்து குர்ஆனின் போதனைக்கு இசைந்தே இருக்கிறது. ஆற்று நீருக்கு விலை கிடையாது, குறைந்தும் போகாது. அப்படியிருந்தும் தேவைக்கு மேல் எடுப்பது விரயமே. அப்படியானால் நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பொருளின் விலை அளவுகோல் ஆகாது. வீட்டார் அனைவரும் உறங்கிய பின், யாரும் பார்க்காத கூடத்தில் எரியும் ஒரு சரம் எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது என்பதே கேள்வி.

ரமலானின் இறுதிப் பத்து இரவுகளில் நபியவர்கள் தாமும் விழித்திருந்து குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நம் வீட்டிலோ அந்த இரவுகளில் விளக்குகள் விழித்திருந்தன, நாம் உறங்கிக்கொண்டிருந்தோம்.

அண்டை வீட்டாரின் உரிமை

இப்போதெல்லாம் ரமலான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. இது பொதுத்தேர்வுக் காலம். எதிர்வீட்டு மாடியில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தூக்கமின்றிப் புரண்டுகொண்டிருப்பார். நம் வீட்டு முகப்பில் நொடிக்கொரு முறை மினுங்கும் நீல விளக்கு அவர்களுடைய சன்னல் வழியே புகுந்து சுவரில் ஆடுகிறது. அண்டை வீட்டார் முஸ்லிமாகவோ பிற சமயத்தவராகவோ இருக்கலாம். தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இல்லாதவன் ஈமான் கொண்டவன் அல்லன் என்ற எச்சரிக்கை இருவருக்கும் சேர்த்தே பொருந்தும். அவர்கள் மரியாதை கருதி வாய் திறக்க மாட்டார்கள். கேட்காமலே நாம் உணர்ந்துகொள்ள வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஹலால், ஹராம் பற்றிய கேள்வியே. தெரு அலங்காரத்துக்காகக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது சில ஊர்களில் நற்பணிபோல் நடக்கிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி இது மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை பெற்றுத் தரக்கூடிய திருட்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். திருடிய ஒளியில் "ரமலான் முபாரக்" என்று எழுதுவதை என்னவென்று சொல்வது! முறையாகத் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். பள்ளிவாசலின் இணைப்பிலிருந்து தம் வீட்டு முகப்புக்கு வயர் இழுப்பவர்களும் யோசிக்க வேண்டும். அது வக்ஃபின் மின்சாரம். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் சொந்த விஷயம் பேசத் தொடங்கியதும் அரசுப் பணத்தில் எரிந்த விளக்கை அணைத்ததாக வரலாற்றில் சொல்லப்படுவதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். பேசுகிற நம் வீட்டு வயர் எங்கே போய் முடிகிறது?

இன்னொன்றையும் மனம் கனத்தே எழுதுகிறோம். சென்ற பெருநாளுக்கு முந்தைய வாரம், மக்தபில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், "ஹஜ்ரத், எங்க வீட்டுல லைட்டு போடல. எங்களுக்குப் பெருநாள் உண்டா?" என்று கேட்டான். அவன் வாப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. சிறுவன் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினான். தெரு முழுவதும் ஒளிர்ந்தபோது தன் வீடு மட்டும் இருண்டிருந்ததை வைத்து அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அவனை மடியில் அமர்த்திக்கொண்டு, பிறை தெரிந்தால் எல்லா வீட்டுக்கும் பெருநாள்தான் என்று சொன்னோம். ஆனால் அவனுக்கு அந்த ஐயத்தைக் கொடுத்தது தெரு. அந்தத் தெருவில் நம் வீடும் இருக்கிறது.

பெருநாள் தொழுகைக்கு முன்பே ஃபித்ராவைக் கொடுத்துவிட வேண்டும் என்று மார்க்கம் விதித்ததன் நோக்கங்களுள் ஒன்று, அந்த நாளில் ஏழைக்கும் உணவு கிடைக்க வேண்டும் என்பது. பத்துச் சரங்கள் வாங்க நினைப்பவர் இரண்டோடு நிறுத்தி, எஞ்சிய தொகையில் அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குப் புத்தாடை எடுத்துக்கொடுத்தால், தெருவில் எந்த வீடும் இருண்டதாகத் தோன்றாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட அதில் படம் எதுவும் கிடைக்காது என்பதும் ஒரு நன்மையே. முகஸ்துதிக்கு வழி அடைபடுகிறதல்லவா?

விளக்கு போட விரும்புவோருக்கு

எலிக்கடியில் கற்றுக்கொண்டதையும், பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சகோதரர் சொன்னதையும் சேர்த்துச் சில ஆலோசனைகளை முன்வைக்கிறோம்.

மலிவான சரங்கள் பலவற்றில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அடாப்டர் இருப்பதில்லை. பார்வைக்குப் பொம்மைபோல் தெரியும் அந்த மெல்லிய வயரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் நேராகவே ஓடக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அடாப்டரோடு வரும் குறைந்த வோல்ட் சரத்தை வாங்குவது நல்லது. சென்ற ஆண்டுச் சரத்தை எடுக்கும்போது முழு நீளத்தையும் கையில் ஓட்டிப் பார்த்து, வெட்டோ கடியோ இருந்தால் பிளக்கில் செருகவே வேண்டாம். ஒட்டுப்போட்ட இணைப்புகளைத் திரைச்சீலை, கிதாபு, மெத்தை ஆகியவற்றின் அருகில் வைக்க வேண்டாம். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சரத்தோடு மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி என எல்லாவற்றையும் செருக வேண்டாம்.

வெளியே மாட்டும் சரம் மழையையும் பனியையும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பெட்டியின் மேல் 'ஐபி 44' அல்லது அதற்கு மேற்பட்ட எண் உள்ளதா என்று பாருங்கள். 'ஐபி 20' என்றிருந்தால் அது வீட்டுக்குள் மட்டும். மாடியில் கட்டும்போது மின்கம்பிகளை நெருங்க வேண்டாம். இரும்புக் கைப்பிடியில் நேரடியாகச் சுற்ற வேண்டாம். மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இல்லையென்றால், விளக்குக்கு முன் அதைப் பொருத்துங்கள். மினுங்காமல் நிலையாக எரியும் மஞ்சள் நிற ஒளியைத் தேர்ந்தெடுத்தால் அண்டை வீட்டாரின் கண்களுக்கு இதம். பழுதான சரத்தைக் குப்பையோடு எரிக்காமல், பழைய மின்பொருள் எடுப்பவரிடம் ஒப்படையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உறங்கும் முன் அணையுங்கள். அணைக்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். ஏன் அணைக்கிறோம் என்று அந்த ஹதீஸையும் சொல்லிக்கொடுங்கள். நபியவர்களின் கட்டளையைப் பின்பற்றும் நிய்யத்தோடு சுவிட்சில் விரல் வைக்கும் பிள்ளைக்கு, விளக்கு எரிந்தபோது கிடைத்ததைவிடப் பெரிய ஒன்று அணைக்கும்போது கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் வீட்டில் இப்போது அந்த வேலை கடைசி மகளுடையது. ஆறு வயது. தராவீஹ் முடிந்து நாம் வீடு திரும்பியதும் சரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி அணைப்பாள். பிறகு அலமாரிக்குப் பின்னால் குனிந்து எலி இருக்கிறதா என்று பார்ப்பாள். கருகிய திரைச்சீலையை நாம் இன்னும் மாற்றவில்லை. மதரஸாவில் அந்தப் பாடம் வரும் நாளில் அதை எடுத்துச்சென்று மாணவர்களுக்குக் காட்டுகிறோம்.

வானங்களுக்கும் பூமிக்கும் ஒளியாகிய அல்லாஹ், அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில் தன் ஒளிக்கு மாடத்தில் இருக்கும் ஒற்றை விளக்கையே உவமையாக்கினான். அந்த ஒளியை நம் உள்ளங்களிலும் இல்லங்களிலும் நிறைத்தருள்வானாக. நம் மகிழ்ச்சியை வீண்விரயத்திலிருந்தும், நம் அலங்காரத்தைப் பெருமையிலிருந்தும், நம் பிள்ளைகளைத் தீயின் தீங்கிலிருந்தும் காத்தருள்வானாக. நம் தெருவில் எந்தப் பிள்ளையும் தனக்குப் பெருநாள் உண்டா என்று கேட்காதவாறு நம் கைகளை விரிவாக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.